இருண்ட தேவதைக் கதை எழுதப் போகிறீர்களா, முதலில் சவுக்காரத்தை எடுங்கள்

அக்காவின் மகள் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த மாதங்களில் போனும் கையுமாகவே கிடந்தாள். என்னதான் படிக்கிறாள் என்று எட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே வகை. ஸ்னோ வைட் அதில் நல்லவள் இல்லை, ஓநாயைச் சிவப்புத் தொப்பிக்காரியே வளர்க்கிறாள், தூங்கும் இளவரசி எழும்ப மாட்டேன் என்கிறாள். எல்லாம் ஆங்கிலம். "தமிழில இப்பிடி ஒண்டும் இல்லையா சித்தி?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நானே எழுத உட்கார்ந்தேன், இரண்டு தடவை கெடுத்தேன், மூன்றாவது தடவை ஒருமாதிரி வந்தது. இப்போது தொடங்க நினைக்கிறவர்களுக்கு, நம்ம கிழக்கிலங்கையில் கல்லடியில் இருந்தாலும் சரி, கல்முனையில் இருந்தாலும் சரி, நான் கெடுத்த இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. பழைய கதையை எடுத்து அதன்மேல் இரத்தத்தை ஊற்றினால் இருண்ட கதை வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இருட்டு கதைக்குள்ளேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்காக யாரோ அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறார்கள், உங்கள் வேலை அந்தத் துணியை எடுப்பது மட்டும்தான்.

பழசைப் படிக்காமல் தொடங்காதீர்கள்

கார்ட்டூனில் பார்த்ததை வைத்து எழுதக் கூடாது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் யாக்கோபும் வில்ஹெல்மும் தங்கள் கதைத் தொகுப்பின் முதல் பாகத்தை 1812இல் வெளியிட்டார்கள், அதற்குப் பிறகு திருத்தித் திருத்தி ஏழாவது பதிப்பு 1857இல் வந்தது. அந்தத் திருத்தங்களில்தான் நமக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. 1812இல் ஸ்னோ வைட்டைக் கொல்லச் சொல்கிறவள் சித்தி இல்லை, பெற்ற தாய். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளைச் சித்தி ஆக்கினார்கள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விடச் சொன்னவளும் முதலில் சொந்தத் தாய்தான். ராப்பன்ஸல் கதையின் முதல் பதிப்பில் அந்தப் பெண் தன்னைப் பூட்டிவைத்தவளிடம் வெகுளியாக, "என் உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே வருகிறது?" என்று கேட்பாள். அது குழந்தைகளுக்கு ஆகாது என்று பிறகு மாற்றிவிட்டார்கள்.

கிரிம்முக்கும் முந்தியவர் பிரான்ஸின் சார்ல் பெரோ, அவருடைய தொகுப்பு வந்தது 1697இல். அவருடைய சிவப்புத் தொப்பிக்காரியை ஓநாய் தின்றுவிடும், கதை அங்கேயே முடியும். வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்து மீட்பதெல்லாம் கிரிம் பதிப்பில்தான். தவளை இளவரசனும் அப்படித்தான், கிரிம்மில் முத்தமே கிடையாது, இளவரசி தவளையைத் தூக்கிச் சுவரில் அடிப்பாள். டென்மார்க்கின் ஆண்டர்சன் எழுதிய கடற்கன்னி 1837இல் வந்தது, அதில் அவளுடைய நாக்கை வெட்டித்தான் குரலை எடுக்கிறார்கள், கால் கிடைத்த பிறகு வைக்கிற ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கும்.

இவற்றின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் புராஜெக்ட் குட்டன்பெர்க் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு கதையை எடுங்கள், குறைந்தது இரண்டு வடிவத்தைப் படியுங்கள். அது போதும். இருபது கதையைப் படித்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினால் ஒன்றும் எழுத மாட்டீர்கள், எனக்கு நடந்தது அதுதான்.

கதை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்

இதுதான் முழு வேலையின் உயிர், இதற்கு நேரம் எடுங்கள். பழைய கதை சொல்லி சில இடங்களில் நின்று நிதானமாகச் சொல்லுவார், சில இடங்களில் ஒரே வரியில் தாண்டி ஓடுவார். ஓடுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

ஹான்சலும் கிரெட்டலும் தப்பி வீட்டுக்கு வருகிறார்கள், அப்பா கட்டிப் பிடிக்கிறார், அந்தப் பெண் செத்துப் போயிருந்தாள் என்று ஒரு வரி. எப்படிச் செத்தாள்? வீட்டில் இருந்தது இரண்டே பேர். பிள்ளைகளைக் காட்டில் விடச் சம்மதித்த அந்த அப்பாவோடு அன்று இரவு அதே கூரையின் கீழ் எப்படித் தூங்கினார்கள்? கதை பேசாது.

சிண்டரெல்லாவின் தகப்பன் செத்துவிட்டார் என்றுதான் பலபேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிரிம்மில் அவர் கடைசிவரை உயிரோடு இருக்கிறார். செருப்போடு இளவரசன் வந்து வேறு மகள் இல்லையா என்று கேட்கும்போது, என் செத்துப்போன பெண்சாதி விட்டுப்போன ஒரு வளர்ச்சியில்லாத அடுப்படிப் பெட்டை இருக்கிறாள், அவள் மணப்பெண்ணாக இருக்க வழியில்லை என்கிற மாதிரிச் சொல்கிறவர் அந்த மனிசன்தான். சொந்த மகளை. எனக்கு அந்த வரியைப் படித்தபோது செருப்புக்குள் நுழைக்கச் சித்தியின் மகள்கள் காலை வெட்டுகிற இடத்தைவிட அதிகமாகக் குளிரெடுத்தது.

ஸ்னோ வைட்டில் ஒரு செத்த பெண்ணின் கண்ணாடிப் பெட்டியை இளவரசன் தனக்குத் தரும்படி கேட்கிறான். செத்த பெண் அவனுக்கு எதற்கு? இப்படி ஒரு கேள்வி உங்களுக்கு வந்து, அன்றைக்கு முழுக்க, பஸ்ஸில் போகும்போதும் பாத்திரம் கழுவும்போதும் மண்டைக்குள் சுற்றினால், உங்கள் கதை அதுதான். சுற்றாவிட்டால் வேறு கதையைப் பாருங்கள்.

யார் சொல்வது, என்ன வயது

யங் அடல்ட், அதாவது பதின்வயதுப் பிள்ளைகளுக்கான கதை என்றால் சொல்கிறவருக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள் வைப்பது நல்லது. ஆபத்து வரும்போது முடிவெடுக்கிறவரும் அவராகவே இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் வந்து காப்பாற்றினால் வாசிக்கிற பிள்ளை போனை வைத்துவிடும். கிரிம்மில் சித்திக்காரி கொல்ல நினைக்கும்போது ஸ்னோ வைட்டுக்கு ஏழு வயது, ஆகவே அங்கே வயதை ஏற்றத்தான் வேண்டும். மற்றவை பார்த்தால் ஆச்சரியம். ராப்பன்ஸலைக் கோபுரத்தில் பூட்டுவது பன்னிரண்டு வயதில். தூங்கும் இளவரசிக்கு நூல் நூற்கிற கதிர் குத்துவது பதினைந்தில். கடற்கன்னி தண்ணீருக்கு மேலே வர அனுமதி கிடைப்பதும் பதினைந்தில்.

பன்னிரண்டு வயதில் ஒரு பெண்ணை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவது நமக்குத் தெரியாத விஷயமா? பெரியபிள்ளை ஆனவளை மூலையில் இருத்தி, பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டும் வேப்பிலையும் வைத்து, ஆம்பிளைகளின் முகத்தில் முழிக்காதே என்று சொன்ன வீடுகளில்தான் நாங்கள் வளர்ந்தோம். ராப்பன்ஸலை இங்கே கொண்டுவரக் கோபுரம் எதுவும் கட்டத் தேவையில்லை. (இதை யாராவது எழுதுங்கள். நான் எழுதப் போவதில்லை, எனக்கு அந்தப் பதின்மூன்று நாளைத் திரும்ப நினைக்கப் பிடிக்காது.)

ஊருக்குக் கொண்டுவரும்போது கவனம்

இங்கேதான் நான் இரண்டு தடவையும் விழுந்தேன்.

ஓநாய் இலங்கையில் இல்லை. சரி, நரியைப் போடுவோம், அம்பாறைக் காட்டோரம் என்றால் கரடியைப் போடுவோம், வாவி என்றால் முதலையைப் போடுவோம் என்று பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொண்டு போனால் கதை நாடகத்துக்கு வேஷம் கட்டின மாதிரி நிற்கும். அந்த ஓநாய் கதையில் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். பெரோ கதையின் முடிவில் அவரே சொல்லிவிடுகிறார், சாதுவாக, இனிமையாகப் பேசிப் பின்னால் வருகிற ஓநாய்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று. அப்படியானால் சேனைத் தோட்டத்தில் இருக்கும் அம்மம்மாவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோகிற பெண்ணுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, "ஏறு தங்கச்சி, வெயிலுக்க நடக்கிறாய், நான் கொண்டுபோய் விடுறன்" என்று சொல்கிறவனுக்கு வால் தேவையில்லை.

இப்போது என் கெட்டுப்போன கதை. சிண்டரெல்லாவை எடுத்தேன். செருப்புக்குப் பதில் சிலம்பு என்று முடிவு செய்தேன். தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்து குளிர்த்தி பாடுகிற ஊர்க்காரிக்குச் சிலம்பைத் தவிர வேறென்ன தோன்றும்? எனக்கு ஒரே பெருமை. முப்பது பக்கம் எழுதின பிறகுதான் பார்க்கிறேன், சிலம்பு யாருடைய காலுக்கும் ஏறும். செருப்பின் வேலையே ஒருத்திக்கு மட்டும் பொருந்துவது. கிரிம்மில் தாய்க்காரி மகளிடம் கத்தியைக் கொடுத்து, விரலை வெட்டு, ராணியானால் நடக்கவே தேவையில்லை என்கிறாளே, அந்த இடத்துக்காகத்தான் நான் அந்தக் கதையையே எடுத்தேன். சிலம்பை வைத்ததும் அந்த இடமே இல்லாமல் போய்விட்டது. முப்பது பக்கமும் போச்சு.

மாதக் கணக்கில் அதைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் கல்முனையில் காப்புக் கடையொன்றில் நிற்கிறேன், கடைக்காரப் பெண் ஒரு சின்னப் பிள்ளையின் கையில் சவுக்காரத்தைப் பூசி, பெருவிரல் மொளியை உள்ளே மடித்து அழுத்தி, கண்ணாடிக் காப்பை ஏற்றுகிறாள். பிள்ளையின் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் வாய் சிரிக்கிறது, ஏனென்றால் காப்பு வேணும். அங்கேயே எனக்குக் கதை வந்துவிட்டது.

அடுத்தது வீடு. நம்முடைய பக்கத்தில், தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும், வீடு பெண்பிள்ளைக்கு. தாய்வழியில் வரும், கலியாணம் முடித்து வருகிறவன்தான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பான். இந்த ஒரு வழக்கத்தை உள்ளே விட்டதும் சிண்டரெல்லா தலைகீழாகப் புரண்டது. அடுப்படியில் சாம்பலோடு கிடக்கிறவள்தான் வீட்டுக்காரி, அது செத்துப்போன அவளுடைய தாயின் வீடு. சித்திக்கு இரண்டு குமர்ப்பிள்ளைகள், கொடுக்க வீடில்லை, வீடில்லாத பிள்ளையை யார் முடிப்பான்? திடீரென்று அந்தச் சித்தியின் பயம் எனக்கு விளங்கியது. விளங்கின பிறகுதான் அவள் செய்கிறதெல்லாம் உண்மையிலேயே கொடூரமாகத் தெரிந்தது.

இளவரசனைத் தூக்கிவிட்டேன், தேவையே படவில்லை. அவனுக்குப் பதில் தாயின் தாய், பல வருடம் வெளியில் இருந்துவிட்டுக் கண்பார்வை போய்த் திரும்பி வருகிறாள், காணி உறுதிப் பத்திரத்தை யாருக்கு எழுதுவது என்று பேத்தியின் கையில் மகளின் காப்பை ஏற்றித் தடவிப் பார்க்கப் போகிறாள். கதையைச் சொல்கிறவள் சித்தியின் மூத்த மகள், பதினேழு வயது. எப்படி எழுதினேன் என்று ஒரு துண்டு:

"கையத் தா மனே."

கொடுத்தேன். சவுக்காரம் மணத்தது. விறாந்தையில் அந்தக் கிழவி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நோகுதம்மா."

"நோகத்தான் செய்யும். காப்பு ஏறினா மறுகா வீடு உனக்கு. வீடு கிடைச்சா இந்தக் கையால ஒரு வேலையும் செய்யத் தேவல்ல."

அம்மா என் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்தாள். காலையில் அதே கையால்தான் எனக்குத் தலை வாரிவிட்டவள். உள்ளே என்னவோ நகர்ந்த சத்தம் முதலில் காதுக்கு வந்தது, வலி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. நான் கத்தவில்லை. கத்தினால் கிழவிக்குக் குரல் தெரிந்துவிடும் என்று எனக்கும் தெரியும்.

இவ்வளவுதான். இதில் இரத்தம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி வரியில் அவளும் கூட்டாளி ஆகிறாள், எனக்கு வேண்டிய இருட்டு அது.

மாயம் இருந்தால் கணக்கும் இருக்க வேண்டும்

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் செய்து பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நம்மைப் பற்றிச் சொல்லுவது தெரியும்தானே. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பேன்டசி எழுதுகிறவருக்கு அது தங்கம். யார் ஒட்டவைப்பது, எத்தனை நாள், எதைக் கொடுத்து, விடுவிக்க என்ன விலை? இந்த நாலு கேள்விக்கும் ஒரு தாளில் பதில் எழுதி வைத்துக்கொண்டு, கதையில் அதை மீறாதீர்கள். விலை கொடுக்காத மாயம் கதையைத் தளர்த்திவிடும். கடற்கன்னி கால் வேண்டும் என்று கேட்டதும் குரல் போனது, அதனால்தான் அந்தக் கதை இன்னும் நிற்கிறது.

கடற்கன்னி என்றதும், நம் ஊரில் எழுத வருகிற எல்லாருக்கும் அவள்தான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறாள், பௌர்ணமி இரவு, கல்லடிப் பாலம், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் வாவி மீன்களின் பாட்டு. குரலை இழந்தவளும் பாடுகிற வாவியும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும், அது சரி. ஆனால் கடல் எழும்பி வருவதுபோல் ஒரு காட்சியைக் கடைசியில் வைப்பதற்கு முன் நில்லுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான் உங்கள் வாசகர்கள், ஆனால் அந்தப் புத்தகம் கிடக்கப்போவது அவர்களின் தாய்தகப்பன் இருக்கிற வீட்டில். நாவலடியில் யாரை இழந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை, சோடனைக்காக எழுதக் கூடாது. போரும் அதே மாதிரிதான். நேர்த்தி வைத்துக் கும்பிடுகிற அம்மனைப் பேயாக்கிக் காட்டுவதையும் நான் தொட மாட்டேன், என் அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறா.

பிள்ளைகளுக்கு எவ்வளவு இருட்டு தாங்கும் என்றால், நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்களுக்குப் பிடிக்காதது பொய்யும் புத்திமதியும்தான். அடி, கொலை என்று வந்தால் நடப்பதற்கு முந்திய நிமிடத்தையும் நடந்த பிறகு அறை கிடக்கிற கோலத்தையும் காட்டினால் போதும். பிள்ளைகளின் உடம்பைக் கிளுகிளுப்பாக எழுதவே கூடாது, இதில் பேச்சே இல்லை. சாகிற எண்ணத்தை அழகாக்கிக் காட்டவும் வேண்டாம்.

பாஷை

கதை சொல்கிற இடத்தில் எழுத்துத் தமிழ், பேசுகிற இடத்தில் நம்ம பேச்சு. மறுகா (பிறகு), கிறுகி (திரும்பி), மனே (பிள்ளையே) இவையெல்லாம் வரட்டும், ஆனால் ஒரு பேச்சில் ஒன்று இரண்டு போதும், அதற்கு மேல் போனால் கிண்டல் செய்வதுபோல் ஆகிவிடும். "முன்னொரு காலத்திலே" என்று தொடங்க வேண்டாம். பெயர்களையும் மொழிபெயர்க்க வேண்டாம், சிண்டரெல்லாவைச் "சாம்பலழகி" என்று நான் ஒருமுறை எழுதிவிட்டு அக்கா மகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடைசிவரை என் கதையில் அவளுக்குப் பெயரே இல்லை, "அவள்" மட்டும்தான்.

சட்டம், வெளியிடுவது

பெரோ, கிரிம், ஆண்டர்சன் எல்லாரும் செத்து நூறு வருடத்துக்கு மேல், கதைகள் யாருக்கும் சொந்தமில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவர் இறந்து 70 வருடம்வரை உரிமை இருக்கும், அதனால் புதிய மொழிபெயர்ப்பின் வரிகளை அப்படியே எடுக்காதீர்கள். படத்தில் வந்ததையும் தொடாதீர்கள்: கிரிம்மில் ஏழு குள்ளர்களுக்குப் பெயர் கிடையாது, நமக்குத் தெரிந்த பெயர்கள் 1937ஆம் ஆண்டு டிஸ்னி படத்தில் வந்தவை. கண்ணாடிச் செருப்பு பெரோவுடையது, அதை எடுக்கலாம். கிரிம்மில் தங்கச் செருப்பு.

முதலில் மூன்று பாக நாவல் என்று தொடங்காமல் பத்துப் பதினைந்து பக்கத்தில் ஒரு சிறுகதை எழுதுங்கள். கதை போடுகிற ஆப்களான பிரதிலிபியிலோ வாட்பேடிலோ தமிழில் போடலாம், போனிலேயே டைப் பண்ணலாம், காசு கேட்க மாட்டார்கள்.

ஆனால் போடுவதற்கு முன் பதினாறு வயசுக்காரி ஒருத்தியிடம் கொடுங்கள், வாத்தியாரிடம் வேண்டாம். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நல்லா இருக்கு என்றுதான் வரும். பக்கத்தில் இருந்து வேறு வேலை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்து, எந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்க எழும்புகிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். என் கதையில் அது நாலாம் பக்கம். வீட்டின் உறுதி யார் பெயரில் இருந்தது, அதற்கு முன் யார் பெயரில் இருந்தது என்று ஒன்றரைப் பக்கம் விளக்கியிருந்தேன். வெட்டிவிட்டுத் திரும்பக் கொடுத்தேன், முடியும்வரை எழும்பவில்லை. முடித்துவிட்டுத் தன் பெருவிரலைத் தானே மடித்துப் பார்த்தாள்.

"மூத்தவட கை மறுகா சுகமாகுமா சித்தி?" என்றாள்.

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.